இரண்டாவது சத்தம்

குதிரை வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடுவது ஒரு புதினமும் இல்லை. புரூணா அப்படி ஓடுகிற குதிரையாக இருந்திருந்தால் அருட்பிரகாசம் அந்த ஆவணி மாதம் முழுக்க நித்திரை கெட்டுத் திரிந்திருக்க மாட்டார். பீரங்கி வெடிக்கும்போது அந்தப் பெட்டைக் குதிரை கோயில் சுருவம் மாதிரி அசையாமல் நிற்கும். வெடித்து, வெள்ளைப் புகை எழும்பி, சனம் கைதட்டத் தொடங்கின பிறகுதான், யாரோ காதுக்குள் வந்து கூடாத சேதி சொன்னது போலக் கழுத்தை உதறிவிட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடும். ஏன் அப்படி என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

ஒஸ்லோவில் பழைய சண்டைகளை விளையாடிப் பார்க்கிற ஒரு சங்கம் இருந்தது. பகலில் பல் பிடுங்குகிறவர்களும் வரிக் கந்தோரில் இருக்கிறவர்களும் சனி ஞாயிறில் நீலக் கோட்டும் சிவப்புக் கொலரும் மாட்டிக்கொண்டு நொர்வே டென்மார்க் ராசாவுக்குக் கீழே இருந்த, இருநூறு வருசத்துக்கு முந்திய பீரங்கிப் படையாகிவிடுவார்கள். 2005ஆம் ஆண்டு நொர்வே சுவீடனை விட்டுப் பிரிந்து நூறு வருசம் என்று நாடெல்லாம் கொண்டாட்டம். சங்கத்தின் பீரங்கியோ அதற்கும் நூறு வருசம் முந்திய சண்டைக்கு உரியது. அது இதுக்குப் பொருந்துமா என்று கேட்கிற ஆள் ஒருவரும் இல்லை. சத்தம் கேட்டால் சனத்துக்குச் சந்தோசம், அதனால் எல்லா இடத்திலும் இருந்து அழைப்பு வந்தது.

அது ஒரு வெண்கலப் பீரங்கி. அதன் வாலை இரண்டு சில்லு முன்வண்டி ஒன்றில் கொழுவி, நாலு குதிரைகளைச் சோடி சோடியாகப் பூட்டி இழுப்பார்கள். ஒவ்வொரு சோடியிலும் இடப்பக்கக் குதிரையில் ஒரு ஆள் ஏறியிருப்பார். வலப்பக்கத்தது அவர் கையோடு வரும். மைதானத்துக்கு ஓடி வந்ததும் பீரங்கியைக் கழற்றிவிட்டு, குதிரைகளைப் பின்னுக்குக் கொண்டுபோய், பீரங்கியைப் பார்த்தபடி திருப்பி நிறுத்துவார்கள். ஏறி வந்தவர்கள் இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே பீரங்கிக்காரர்கள் ஈரப் பஞ்சுக் கோலால் குழாயைத் துடைத்து, துணிப்பையில் கட்டிய கறுப்பு வெடிமருந்தை உள்ளே இடித்து, புகைகிற திரியை வைப்பார்கள். குண்டு மட்டும் போட மாட்டார்கள்.

முன்சோடியின் இடப்பக்கக் குதிரை புரூணா. அதில் ஏறி வருகிற ஆள் அருட்பிரகாசம்.

அவர் இதற்குள் வந்து விழுந்தது ஒரு பகிடிக் கதை. பேக்கரியில் மா மூடை தூக்கித் தூக்கி இடுப்புப் போன காலத்தில் வேலைக் கந்தோரில் இருந்த பெண், மிருகங்களோடு பழக்கம் உண்டா என்று கேட்டாள். "எங்கள் தீவில் குதிரைகள் நிற்கும்" என்று அருட்பிரகாசம் சொன்னார். பொய் சொல்லவில்லை. நெடுந்தீவில் குதிரைகள் நிற்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை தம்பாட்டில் மேய்கிற கட்டாக்காலிகள். அவற்றில் ஒருவரும் ஏறுவதில்லை, தோட்டத்துக்குள் வந்தால் கல்லெறிவார்கள். குதிரையோடு அவருக்கு இருந்த பழக்கம் அந்தக் கல்லெறி மட்டும்தான். அந்தப் பெண் துருவிக் கேட்கவில்லை, இவரும் வாய் திறக்கவில்லை. எல்லிங்ஸ்ருட்டுக்கு மேலே காட்டோரத்தில் இருந்த ஒரு குதிரைப் பண்ணைக்கு அனுப்பிவிட்டாள்.

முதல் மாதம் சாணி அள்ளினார். பிறகு குளம்பு துடைக்கப் பழகினார். பிறகு ஒருநாள் பண்ணைக்காரி இங்கபோர் அவரைப் புரூணாவின் முதுகில் ஏற்றிவிட்டாள். ஏறின மனுசன் அதோடு குதிரைக்கே அடிமை. வீட்டில் நாலு சொல்லுக்குப் பதில் ஒரு சொல் சொல்கிறவர், குதிரைக்குப் பக்கத்தில் நின்றால் தமிழில் ஓயாமல் கதைப்பார். சங்கத்துக்கு ஆள் போதவில்லை என்று கேட்டபோது, தொப்பை தள்ளிய வயசில், நீலக் கோட்டு மாட்டச் சம்மதித்துவிட்டார். அந்தக் கோட்டைத் தைத்தது அவர் மனைவி அனஸ்ரேசியா. சிவப்புக் கொலரை மூன்றுதரம் பிரித்துத் தைத்தாள். ஆனால் அவர் வெடிக்குப் போகிற ஒரு இடத்துக்கும் அவள் வந்ததில்லை. குரோருட் பக்கத்துப் பேப்பரில் அவர் குதிரையில் இருக்கிற படம் வந்தபோது, கோயிலுக்கு வருகிற கூட்டாளி இராசதுரை அங்கே, "அருட்பிரகாசம் அண்ணை டென்மார்க் ராசாவின்ரை பட்டாளத்திலை சேந்திட்டார்" என்று எல்லாருக்கும் காட்டித் திரிந்தான். அருட்பிரகாசம் கோபிக்கிற மாதிரிக் கோபித்து, அந்தப் படத்தை வெட்டிக் குசினிக் கதவில் ஒட்டினார்.

ஆனி மாத விழாவில்தான் சனியன் தொடங்கியது. வெடி வைத்தார்கள், புரூணா நின்றது. சனம் கை தட்டியது, புரூணா ஓடியது. சோடிக் குதிரையும் இழுபட, பின்சோடியும் சேர, முன்வண்டி துள்ளித் துள்ளிக் கயிற்று வேலியை அறுத்துக்கொண்டு போய், ஒரு பிள்ளை வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. பிள்ளையின் தாய் கத்தக்கூட இல்லை, வெளிறிப்போய் நின்றாள். அந்த முகம் அருட்பிரகாசத்தின் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆடி மாதம் இன்னொருதரம் ஓடியது. சங்கத்துத் தலைவர் ஹால்வர், பல் வைத்தியர், நல்ல மனுசன், கடைசியில் கையை விரித்தார். வருகிற சனிக்கிழமை ஒத்திகை, மூன்று வெடி. அதற்குள் நிற்காவிட்டால் புரூணா படையில் இல்லை.

படையில் இல்லாவிட்டால் போகிறது என்று விடலாம். இங்கபோர்தான் மற்றதைச் சொன்னாள். "இரண்டுதரம் ஓடின குதிரையில் நான் எப்படிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவேன், அருட்? சும்மா வைத்துத் தீன் போட என்னால் ஏலாது. தூத்தனில் இருந்து வருகிற வியாபாரிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்."

அந்த வியாபாரியின் வண்டியில் ஏறுகிற குதிரைகள் எங்கே போகும் என்று பண்ணையில் எல்லாருக்கும் தெரியும். அவை மெல்லிசாய்ச் சீவிய சொசேச்சாகப் பாணுக்கு மேலே திரும்பி வரும். அருட்பிரகாசமும் அறியாத காலத்தில் அதை வாங்கித் தின்றவர்தான். இப்போது கடையில் அந்தத் தட்டுப் பக்கம் திரும்பவும் மாட்டார்.

அந்தக் கிழமை மழை விட்டுவிட்டுத் தூறியது. பேர்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. அருட்பிரகாசம் ஒரு வெறும் எண்ணெய்த் தகர டிரம்மைக் கொட்டிலுக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு கையால் புரூணாவுக்கு ஓட்ஸ் நீட்டுவார், மற்றக் கையால் மரக்கட்டையால் டிரம்மில் ஒரு அடி. புரூணா காதை ஒருக்கால் திருப்பிவிட்டு ஓட்ஸ் தின்னும். அடியைக் கூட்டினார். அதற்கும் தின்றது. ஓட்டப் போட்டிக்குச் சுடுகிற கைத்துவக்கு ஒன்றை இங்கபோர் எங்கேயோ இரவல் வாங்கித் தந்தாள். அதை அவரே அதன் தலைக்கு மேலே நீட்டிச் சுட்டார். புரூணா அவருடைய சட்டைப் பைக்குள் மூக்கை விட்டு இன்னும் ஓட்ஸ் தேடியது.

அவர் வேலை முடிந்ததும் ஏற்றிப்போக வந்த மகள் நிலூஜா காருக்குள் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தாதிப் படிப்புப் படிக்கிறவள், ஒஸ்லோவில் பிறந்தவள்.

"அப்பா, அவள் டிரம்முக்கும் ஓடேல்லை, துவக்குக்கும் ஓடேல்லை. பிறகென்ன, சனிக்கிழமை ஒக்கேதானே?"

"உது நான் போடுற சத்தம் பிள்ளை. பீரங்கி வேறை."

"என்ன வேறை?"

"அது பெரிசு."

"பெரிசெண்டால் வெடிக்கேக்கையே ஓடோணும். அவள் ஏன் எல்லாம் முடிஞ்சாப் பிறகு ஓடுறாள்?"

"அது தெரிஞ்சால் நான் ஏன் மழைக்கை நிண்டு தகரம் அடிக்கிறன்?"

"இக்கெ ஸ்ட்ரெஸ், அந்தரப்படாதேங்கோ அப்பா. மிருக வைத்தியர், வெட்டரினேர் ஒருத்தரைக் கேட்டுப் பாக்கலாம்தானே. காதிலை ஏதும் பிழையோ தெரியாது."

"காதெல்லாம் பாத்தாச்சு. கண்ணும் பாத்தாச்சு. பல்லை ஹால்வர் பாத்தவர்."

நிலூஜா சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காரில் ஏறின பிறகும் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர்கள் வீடு இருந்த அம்மருட் மாடிக் கட்டடங்கள் வந்ததும், கார் நிற்க முதலே கதவைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அனஸ்ரேசியா பிட்டும் மக்றெல் மீன் குழம்பும் வைத்திருந்தாள். வயோதிபர் இல்லத்துக் குசினியில் உப்பில்லாத கஞ்சி கிளறிவிட்டு வருகிறவள், வீட்டில் உறைப்பைக் கூட்டித்தான் சமைப்பாள். அருட்பிரகாசம் பிட்டைக் குழைத்தார், வைத்தார், எழும்பி யன்னலடிக்குப் போய் வானத்தைப் பார்த்தார், திரும்ப வந்து குந்தினார்.

"இருந்து தின்னுங்கோ. பிட்டு ஆறிக் கல்லாப் போச்சுது."

"நாளைக்கு மழை பெய்தால் மருந்து நனையும். நனைஞ்சால் ஒத்திகை தள்ளிப் போகும்."

"தள்ளிப் போனால் நல்லதுதானே?"

"என்ன நல்லது? இன்னுமொரு கிழமை இந்த அந்தரமோ? நடக்கிறது நடந்து முடியட்டும்."

"ஒரு குதிரைக்கு இவ்வளவு பாடோ?"

அருட்பிரகாசம் சட்டென்று நிமிர்ந்தார். "நீர் சும்மா இரும். உமக்குத் தெரியாது. அவள் ஒரு வாயில்லாச் சீவன். நான்தான் அவளைக் கொண்டுபோய் உந்தப் பீரங்கிக்கு முன்னாலை விட்டனான். வேணுமெண்டு கேட்டவளே?"

அனஸ்ரேசியா குழம்புச் சட்டியில் இருந்து தலைத் துண்டை எடுத்து அவருடைய பிட்டுக் கோப்பையில் வைத்தாள்.

"நாளைக்கு நானும் வாறன்" என்றாள்.

"நீரோ? வெடிச் சத்தமெல்லே."

"வெடிச் சத்தம்தான். வருசப் பிறப்புக்கு வாணம் விடேக்கை நான் குளியலறைக்கை போய் இருக்கிறனான், அது தெரியும்தானே உங்களுக்கு. ஆனாலும் வாறன். உங்களை இப்பிடிப் பாத்துக்கொண்டு வீட்டிலை இருக்கிறதிலும் பாக்க அது பரவாயில்லை."

"அங்கை குண்டு போடுறேல்லை. வெறும் மருந்துதான்."

"தெரியும். நீங்கள் சொல்லியிருக்கிறியள்." கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். "ஊரிலையும் இப்ப மூண்டு வருசமா ஒண்டும் விழேல்லை. சமாதானம் எண்டு கையெழுத்து வைச்சாச்சு. அக்கா போனிலை சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறா. எனக்கெண்டால் இருப்புக் கொள்ளுதில்லை. சண்டை நடக்கேக்கை கூட இப்பிடி இருக்கேல்லை."

அவர் மனம் குதிரையில் இருந்தது.

சனிக்கிழமை மழை இல்லை. பள்ளத்தாக்கின் மேற்கரையில், காட்டுக்குக் கீழே, அறுவடை முடிந்த ஒரு வயலில் ஒத்திகை. சங்கத்து ஆட்களின் பெண்சாதி பிள்ளைகள் மட்டும் கயிற்றுக்கு அப்பால் கோப்பிக் குடுவைகளோடு நின்றார்கள். அனஸ்ரேசியா தடித்த கம்பளிக் கோட்டுக்குள் கையை ஒளித்துக்கொண்டு நிலூஜாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

காட்டோரத்தில் இருந்து நாலு குதிரையும் கிளம்பி வந்தபோது நிலம் அதிர்ந்தது. சில்லுகள் அறுத்த புல்லின் தாளில் கடகடத்தன, சங்கிலி கலகலத்தது, முன்னுக்குப் புரூணாவின் மேலே அருட்பிரகாசம் கொஞ்சம் குனிந்து, வலப்பக்கக் குதிரையின் வாரை இழுத்துப் பிடித்தபடி வந்தார். அனஸ்ரேசியா அவரை அப்படிக் கண்டதே இல்லை. கலியாணம் கட்டின காலத்தில் கூட அவர் அவ்வளவு வடிவாக இருக்கவில்லை என்று அவளுக்குப் பட்டது. பின்னொருநாள் நிலூஜாவுக்கு அதை அவள் வெட்கத்தோடு சொன்னாள்.

பீரங்கியைக் கழற்றினார்கள். முன்வண்டி பின்னுக்குப் போய் வட்டமடித்துத் திரும்பி நின்றது. அருட்பிரகாசம் இறங்கிப் புரூணாவின் கன்னத்தோடு கன்னமாக நின்று கடிவாளத்தைப் பிடித்தார். "ஒண்டுமில்லை ராசாத்தி, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். துடைத்தார்கள், இடித்தார்கள். ஹால்வர் வாளைத் தூக்கி, சுடு என்று நொர்வேஜியனில் கத்தினார்.

"ஃபீர்!"

நெஞ்சுக்குள் ஆரோ உலக்கையால் ஒரு குத்துக் குத்தின மாதிரி இருந்தது. புரூணா அசையவில்லை. வெள்ளைப் புகை உருண்டு உருண்டு வந்தது, அழுகின முட்டை மணம் வந்தது. நின்றிட்டாள், நின்றிட்டாள் என்று அருட்பிரகாசம் நினைத்தார். அதற்குப் பிறகு அவருக்கு நினைவில் இருப்பது, கடிவாளம் கையைச் சீவிக்கொண்டு போனதும் தான் புல்லில் இழுபட்டதும்தான். இங்கபோர் ஓடிவந்து குறுக்கே விழுந்து மறித்தாள்.

அவர் எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டிருக்க, அனஸ்ரேசியா கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தாள். முகம் செத்துப்போய் இருந்தது.

"இஞ்சேருங்கோ. இதிலை வாங்கோ."

"பிறகு கதைப்பம். குதிரை..."

"குதிரையை அந்த மனுசி பாக்கும். நீங்கள் வாங்கோ." அவருடைய கோட்டுக் கையைப் பிடித்து நாலடி தள்ளிக் கொண்டுபோனாள். "குத்தின உடனை நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிறது? பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"நிண்டனீங்கள். பிறகு?"

"பிறகு அவள் ஓடினவள்."

"அதுக்கு முதல் நீங்கள் பணிஞ்சனீங்கள்."

"நானோ?"

"ஓம். தோளை ஒடுக்கி, தலையைப் பணிச்சு. உங்கடை கை இறுகினதை நான் அங்கை நிண்டே கண்டனான். நீங்கள் பணிஞ்ச பிறகுதான் அவள் வெருண்டவள்."

அருட்பிரகாசத்துக்குக் கோபம் வந்தது. "வெடிச் சத்தத்துக்கு ஆர்தான் பணியாயினம்?"

"வெடிச் சத்தத்துக்கு நீங்கள் பணியேல்லை. அது குத்துற சத்தம். அதுக்கு நீங்களும் அசையேல்லை, அவளும் அசையேல்லை." அவள் குரல் தாழ்ந்தது. "நீங்கள் பணிஞ்சது விழுற சத்தத்துக்கு."

அருட்பிரகாசம் பீரங்கியின் பக்கம் திரும்பினார்.

அவர்கள் கலியாணம் முடித்த காலத்தில் குருநகரில், அனஸ்ரேசியாவின் தாய் வீட்டில் இருந்தார்கள். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஆமி இருந்தது. அங்கே ஷெல் குத்துகிற சத்தம் முதலில் கேட்கும், அடிவயிற்றில் விழுகிற ஒரு குத்து. அந்தச் சத்தத்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. அது எங்கேயோ கிளம்பிவிட்டது என்று மட்டும் அர்த்தம். அதற்கும் அது வந்து விழுவதற்கும் இடையில் ஒரு கொஞ்ச நேரம் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் அந்த ஊர்ச் சனத்தின் வாழ்க்கை முழுக்கக் கிடந்தது. பிள்ளையைத் தூக்குகிறவர்கள் தூக்குவார்கள், பங்கர்க் குழிக்குள் பாய்கிறவர்கள் பாய்வார்கள், ஒன்றுக்கும் நேரமில்லாதவர்கள் இருந்த இடத்தில் பணிவார்கள். விழுந்த சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும். கேட்டால், விழுந்தது தங்கள் மேலே இல்லை.

இங்கே வெண்கலப் பீரங்கி குத்தியது. குண்டு இல்லாதபடியால் ஒன்றும் விழவில்லை. அருட்பிரகாசத்தின் உடம்புக்கு அது தெரியாது. அது விழுகிறதற்குக் காத்துக்கொண்டு நின்றது. அவர் கன்னத்தோடு கன்னமாக நின்ற வாயில்லாச் சீவனும், ஏதோ வருகுது என்று கையால் அறிந்து, வருகிறதுக்கு முதல் ஓடப் பார்த்தது. டிரம்மை அவரே அடித்தார், துவக்கை அவரே சுட்டார். தன் கையால் போடுகிற சத்தத்துக்கு ஆரும் காத்திருப்பதில்லை.

"உமக்கெப்பிடித் தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நானும் அப்பதான் பணிஞ்சனான். நிமிரேக்கை உங்களைக் கண்டனான்."

அங்கே இரண்டாவது வெடிக்குத் துடைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஹால்வர் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"சரி. இப்ப தெரிஞ்சிட்டுதுதானே" என்றார் அருட்பிரகாசம். "இனிப் பணியன். கல்லு மாதிரி நிப்பன்."

"தெரிஞ்சால் பணியிறது நிக்குமே? எனக்கு எப்பவோ தெரியும். எனக்கு நிண்டதே?"

"நீர் குதிரை பிடிக்கேல்லையே. எனக்கு அவள் இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது வெடிக்கு அவர் பணியவில்லைத்தான். பல்லைக் கடித்து, முதுகை ஆணி அடித்தது போல நிமிர்த்தி, கண்ணைப் புரூணாவின் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றார். உலக்கை நெஞ்சில் குத்தியது. இனி ஒன்றும் இல்லை, இனி ஒன்றும் இல்லை என்று தனக்குச் சொன்னார். தலை பணியாதபடியால் அந்தப் பயம் எல்லாம் கைக்கு வந்தது. விரல்கள் கடிவாளத்தைத் திருகிப் பிடித்தன. புரூணா இந்தமுறை ஓடுவதோடு விடவில்லை. பின்னங்காலில் எழும்பி, அவரைத் தூக்கிப் புல்லில் அடித்துவிட்டு, சோடிக் குதிரையின் மேல் விழப் பார்த்தது. ஒரு சங்கிலி அறுந்தது. சிவப்புக் கொலர் தோளோடு கிழிந்து தொங்கியது.

ஹால்வர் தொப்பியைக் கழற்றினார். "போதும், அருட். இனி வேண்டாம். யாராவது சாகப் போகிறார்கள்."

இங்கபோர் சட்டைப் பையில் இருந்த கைப்பேசியைத் தொட்டுப் பார்த்தாள். வியாபாரிக்குத்தான் எடுக்கப் போகிறாள் என்று அருட்பிரகாசத்துக்குத் தெரிந்தது.

அவர் புல்லில் இருந்தபடியே புரூணாவைப் பார்த்தார். உடம்பெல்லாம் வேர்வை நுரைத்து நடுங்கிக்கொண்டு நின்றது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. அந்தப் பார்வையை அவர் முந்திக் கண்டிருக்கிறார், பங்கருக்குள், மெழுகுதிரி வெளிச்சத்தில், மனுசர் முகங்களில். காட்டோரத்துப் பண்ணையில் பிறந்து, ஓட்ஸ் தின்று வளர்ந்த ஒரு குதிரைக்கு அது எப்படி வந்தது என்று ஒரு ஆள் கேட்டால், அவர்தான் கொடுத்தார். கோட்டைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு மனுசன் அதை இவ்வளவு தூரம் கொண்டுவந்து அதற்குக் கொடுத்திருக்கிறான்.

எழும்பிப் போய்ப் புரூணாவின் கடிவாளத்தைப் பிடித்தார். நொர்வேஜியனில் எவ்வளவோ சொல்லலாம். அவருக்கு வந்தது இவ்வளவுதான்.

"குதிரையில் பிழை இல்லை. என்னில்தான்."

ஹால்வருக்கு விளங்கவில்லை. "நீ நன்றாகத்தானே பிடித்தாய்? நான் பார்த்தேன்."

"இன்னும் ஒரு வெடி இருக்கிறது. இங்கபோர் பிடிக்கட்டும். நான் அங்கே, கயிற்றுக்கு அப்பால் நிற்கிறேன்." கடிவாளத்தை இங்கபோரிடம் நீட்டினார். "அவள் அசையாமல் நின்றால் நான் இனி இதில் ஏறவில்லை. ஆனால் அவளை ஒருவருக்கும் விற்கக் கூடாது."

இங்கபோர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு வந்து கடிவாளத்தை வாங்கினாள். அதைக் கொடுக்கும்போது அருட்பிரகாசத்தின் கை விட மறுத்தது. இரண்டாந்தரம்தான் விட்டது.

அறுந்த சங்கிலியைக் கட்டி, குதிரைகளைத் திருப்பி நிறுத்த நேரம் எடுத்தது. இங்கபோர் புரூணாவை நடத்தி, வேர்வையைத் துடைத்து, வாய்க்குள் கொஞ்ச ஓட்ஸ் வைத்தாள். அருட்பிரகாசம் கிழிந்த கொலரோடு அனஸ்ரேசியாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நிலூஜா படம் எடுக்கிறதற்காகக் கயிற்றின் மற்ற மூலைக்குப் போயிருந்தாள்.

"விசர் மனுசன்" என்றாள் அனஸ்ரேசியா. கையைக் கோட்டுக்குள் இருந்து எடுத்து அவருடைய கையைப் பிடித்தாள். தெருவிலும் கோயிலிலும் அவள் அப்படிப் பிடித்ததில்லை.

"ஃபீர்!"

உலக்கை குத்தியது. புகை உருண்டது. சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிரையைப் பார்த்தது. புரூணா காதைத் திருப்பியது. கொஞ்சம் பொறுத்தது. பிறகு வாய்க்குள் இருந்த ஓட்ஸைத் திரும்பவும் சப்பத் தொடங்கியது. வாலால் மேலே மொய்த்த ஒரு இலையானை அடித்தது. கைதட்டல் எழும்பியது, ஓய்ந்தது. அது அப்படியே நின்றது.

நின்றது அருட்பிரகாசத்துக்குச் சந்தோசம். அது கழுத்தைத் திருப்பி ஒருக்கால் அங்கும் இங்கும் அவரைத் தேடினதைக் கண்டபோது அழுகை வந்தது. ஒளிக்காமல் அழுதார்.

"அப்பா, கண்டனீங்களே? அவள் அசையவே இல்லை" என்று கத்திக்கொண்டு நிலூஜா ஓடி வந்தாள். வந்தவள் பாதி வழியில் மெதுவானாள். தாயும் தகப்பனும் அவள் விட்டுப்போன இடத்தில் நிற்கவில்லை. ஈரப் புல்லில், கயிற்றுக்குக் கீழே, ஒரு கையால் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைப் பணித்து, கையோடு கை பிடித்துக் குந்தியிருந்தார்கள். எப்போது குந்தினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

கோப்பிக் குடுவைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஹால்வர் தொப்பியை வானத்தில் எறிந்து பிடித்தார். மருந்து மிச்சம் இருக்கிறது, சந்தோசத்துக்கு இன்னும் ஒன்று என்று கூவினார். பீரங்கிக்காரர்கள் பஞ்சுக் கோலை வாளிக்குள் தோய்த்தார்கள்.

அருட்பிரகாசம் எழும்பப் பார்த்தார். அனஸ்ரேசியா கையை விடவில்லை.

"இருங்கோ. அடுத்தது குத்தப் போறான்."

நிலூஜா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் வந்து ஈரப் புல்லில் தாய்க்குப் பக்கத்தில் குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் இப்பிடி இருக்கோணும், அம்மா?"

அனஸ்ரேசியா அருட்பிரகாசத்தைப் பார்த்தாள். அவருக்கும் தெரியவில்லை.